கடலடியில் இன்னொரு மூச்சு: மாற்றுக் காற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முன்னுரை

சென்ற ஆண்டு பருவ விடுமுறைக்கு முன் நம் கழகத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நண்பர்கள் அறுவர் பெர்ஹெந்தியான் தீவுக்கு முக்குளிக்கப் போகிறார்களாம். "அண்ணே, முன்னங்கை நீளத்துக்கு மஞ்சள் போத்தல் ஒன்று விற்கிறார்கள். காற்று தீர்ந்துபோனால் அதை வாயில் வைத்துக்கொண்டு மேலே வந்துவிடலாமாம். பகுதிநேர வேலைச் சம்பளம் இருக்கிறது, வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். வாங்கு என்றோ வாங்காதே என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால், அந்தச் சொல்லை நம்பி அவர் 18 மீட்டர் ஆழத்துக்கு இறங்கப் போகிறார் என்ற எண்ணம் என்னைத் தடுத்தது. தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அன்று இரவு நாங்கள் இருவரும் போட்ட கணக்கைத்தான் இக்கட்டுரையில் விரித்து எழுதியிருக்கிறேன்.

தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான், சிப்பாடான் எனக் கண்ணுக்கு விருந்தாகும் கடலடிகளைக் கொண்ட நாடு நம்முடையது. தென்சீனக் கடலைச் சார்ந்த கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பருவமழைக்காக மூடிக் கிடந்தாலும், மற்ற மாதங்களில் முக்குளிப்பு கற்றுக்கொள்ளும் இளையோர் கூட்டம் அங்கே குறைவதில்லை. நம் மாணவர்களும் அக்கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. மூன்று நான்கு நாள் பயிற்சியில் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. காற்று தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் அப்பயிற்சியில் இடமுண்டு. ஆயினும், எவ்வளவு காற்று இருந்தால் அந்தச் செய்கை பலிக்கும் என்னும் கணக்கைப் பலர் மனத்தில் பதித்துக் கொள்வதில்லை. நானும் பதித்துக் கொள்ளாதவர்களில் ஒருவனாகத்தான் இருந்தேன்.

தியோமானில் ஒரு காலை

பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டில் நடந்தது இது. தியோமானுக்கு அப்பால் 20 மீட்டர் ஆழத்தில், பாறை ஒன்றின் அடிவாரத்தில் இருந்தேன். அழுத்தமானி 110 பார் காட்டியது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் என் வாயிலிருந்த ரெகுலேட்டர் பீறிட்டுக் காற்றைக் கொட்டத் தொடங்கியது. மூச்சை இழுக்கவே தேவையில்லை. தானாக வந்து கன்னத்தை உப்ப வைத்தது. முகத்தைச் சுற்றிக் குமிழ்கள் மறைக்க, எதுவும் தெரியவில்லை.

ரெகுலேட்டரில் கோளாறு ஏற்பட்டால் காற்றை அடைத்துவிடாமல் திறந்துவிடும்படிதான் பெரும்பாலும் அதனை வடிவமைக்கிறார்கள். அது ஒருவகையில் நல்லது. உடனே மூச்சு நின்றுவிடாது. ஆனால் தோம்பு சில நிமிடங்களில் காலியாகிவிடும். என் துணை முக்குளிப்பாளர் கடலட்டை ஒன்றைப் படம் பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருந்தார். நிலத்தில் அது பத்து எட்டு. கடலடியில், நீரோட்டத்துக்கு எதிராக, பதறிய மூச்சோடு நீந்தும்போது அது ஒரு தெருவின் நீளம். அவரைத் தொட்டபோது என் மானி 30-க்கும் கீழே போயிருந்தது. அவருடைய மாற்று வாய்ப்பகுதி சட்டைப் பைக்குள் திணிக்கப்பட்டிருந்தது. அதை உருவியெடுக்க ஆன அந்தச் சில நொடிகளை நான் இன்னும் மறக்கவில்லை.

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு மெதுவாக ஏறினோம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். மேலே வந்தபோது அவருடைய மானி 20 பாரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் அவரிடம் 90 பார் இருந்ததால் பிழைத்தோம். 50 பார் இருந்திருந்தால்? படகில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தபோது எழுந்த அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கணக்குகளைக் கற்றேன்.

ஆழமும் மூச்சும்

உயர்நிலைப் பள்ளியில் படித்த பாயில் விதியை இங்கே நினைவுகூர வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடுகிறது. மேற்பரப்பில் 1 பார், 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. நுரையீரல் நிரம்புவதற்கு ஒவ்வோர் ஆழத்திலும் அதே கொள்ளளவுதான் வேண்டும் என்பதால், 30 மீட்டரில் இழுக்கும் ஒரு மூச்சு தோம்பிலிருந்து நான்கு மூச்சுக்குரிய காற்றை எடுத்துக்கொள்கிறது.

அமைதியாக நீந்தும் ஒருவர் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வரை சுவாசிப்பார். பயந்தவர் அப்படிச் சுவாசிப்பதில்லை. இருமடங்காவது சாதாரணம். ஆகவே, நெருக்கடிக் கணக்கில் நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று எடுத்துக்கொள்வோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர். கடலில் இறங்குகிறவர் அளக்காமல் இறங்கலாமா?

முதலில் தம்பி போகும் 18 மீட்டர். அங்கே அழுத்தம் 2.8 பார். சிக்கலை உணர்ந்து, மாற்றுக் காற்றை வாயில் வைத்து, நிதானிக்க ஒரு நிமிடம் என்றால் 84 லிட்டர் செலவாகும். நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற வேகத்தில் 5 மீட்டருக்கு ஏற ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்; வழியில் சராசரி அழுத்தம் 2.15 பார், அதற்கு 97 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 135 லிட்டர். அங்கிருந்து மெதுவாக மேலே வர 38 லிட்டர். கூட்டினால் 354 லிட்டர்.

அதே கணக்கை 30 மீட்டரிலிருந்து போட்டால் முறையே 120, 248, 135, 38. மொத்தம் 541 லிட்டர். இந்த இரண்டு எண்களையும், 354, 541, வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். கடைக்காரர் எந்தப் பொருளைக் காட்டினாலும் இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

மஞ்சள் போத்தல்

தம்பி கேட்ட பொருள் ஸ்பேர் ஏர் என்னும் பெயரில் விற்கப்படுவது. தோம்பும் ரெகுலேட்டரும் ஒன்றாகச் சேர்ந்த சிறு கருவி. பெரிய தோம்பிலிருந்தே அதை நிரப்பிக்கொள்ளலாம். பயணப் பையில் அடங்கும். அதன் பெரிய வகை 3 கன அடி, அதாவது 85 லிட்டர் காற்றைக் கொள்ளும். சிறிய வகை 1.7 கன அடி, ஏறத்தாழ 48 லிட்டர்.

85-ஐ 354-க்குப் பக்கத்தில் வையுங்கள். 18 மீட்டர் ஆழத்தில் பயந்த ஒருவருக்கு இது ஒரு நிமிடக் காற்று. தயங்கி நிற்காமல், பாதுகாப்பு நிறுத்தமும் இல்லாமல், 9 மீட்டர் வேகத்தில் ஏறினாலும் வழிச்செலவு மட்டுமே 114 லிட்டர் ஆகிறது. 12 மீட்டரிலிருந்து உடனே கிளம்பினால் 64 லிட்டரில் வந்து சேரலாம். ஆகவே ஆழம் குறைந்த இடங்களில் இது உதவக்கூடும் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்த ஆழத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் மேற்பரப்பே அடுத்த காற்றுத்தோம்பு. எந்த ஆழத்தில் துணை தேவையோ அந்த ஆழத்தில் இந்தக் கருவி கைகொடுப்பதில்லை. விளம்பரங்களில் மூச்சுகளின் எண்ணிக்கையைப் போடுகிறார்கள். அது மேற்பரப்பில் எண்ணியது என்பதை அடியில் இருக்கும் சிறு எழுத்தில்தான் பார்க்க வேண்டும்.

மற்றொரு தீங்கும் உண்டு. தன் இடுப்பில் ஒரு போத்தல் தொங்குகிறது என்ற தெம்பில் அழுத்தமானியைப் பார்க்கும் பழக்கம் தளர்ந்துவிடுகிறது. இது என் கருத்து மட்டுமே. வைத்திருப்பவர்கள் சினம் கொள்ள வேண்டாம்.

துணையின் தோம்பு

நாம் வாடகைக்கு எடுக்கும் எல்லா ரெகுலேட்டர்களிலும் மஞ்சள் நிறக் குழாயோடு இன்னொரு வாய்ப்பகுதி தொங்கும். அதனை ஆக்டோபஸ் என்பர். புதிய முக்குளிப்பாளர்கள் பலரும் அதைத் தமக்கான மாற்றுக் காற்று என்று எண்ணுகிறார்கள். வாயிலிருக்கும் பகுதி மட்டும் பழுதானால் அது உதவும், உண்மை. ஆனால் இரண்டும் ஒரே முதற்கட்டத்திலிருந்து, ஒரே தோம்பிலிருந்துதான் வருகின்றன. தோம்பு காலியானால் இரண்டும் காலி. என் ஆக்டோபஸ் என் துணைக்காக. என்னுடைய மாற்றுக் காற்று என் துணையின் முதுகில் இருக்கிறது. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் முக்குளிப்பில் பாதி ஒழுக்கம் தானாக வந்துவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் தீவுகளில் பரவலாகக் கிடைக்கும் அலுமினியத் தோம்பின் உட்கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,220 லிட்டர் காற்று இருக்கும். 18 மீட்டரிலிருந்து இருவர் ஒரே தோம்பில் ஏறி வர 354-இன் இருமடங்கு, 708 லிட்டர் வேண்டும். அதை 11.1-ஆல் வகுத்தால் 64 பார். 30 மீட்டரிலிருந்து என்றால் 1,082 லிட்டர், 97 பார். நடைமுறைக்கு 70, 100 என்று முழுமையாக்கிக் கொள்ளலாம்.

படகில் நமக்குச் சொல்லப்படுவது என்ன? "50 பாரோடு மேலே வாருங்கள்." பலர் இதை "50 பார் ஆனதும் கிளம்புங்கள்" என்று பொருள்கொள்கிறார்கள். 50 பார் என்பது 555 லிட்டர். 30 மீட்டரில் ஒருவர் தனியாக ஏறிவர அது சரியாகப் போதும். இருவருக்கு அதில் பாதிதான். அதாவது, இருவரும் 50 பாரோடு 30 மீட்டரில் உலாவுகிறார்கள் என்றால், அவர்கள் இருவருக்கும் மாற்றுக் காற்று என்ற ஒன்றே இல்லை. எத்தனை ஆக்டோபஸ்கள் தொங்கினாலும் சரி.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 பொழுதுபோக்கு முக்குளிப்பு இறப்புகளை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். விபத்தின் தொடக்கக் காரணம் கண்டறியப்பட்டவற்றில் 41 விழுக்காட்டுக்குக் காற்றுப் பற்றாக்குறையே காரணமாக இருந்தது. கருவிக் கோளாறு 15 விழுக்காடுதான். எனக்கு நேர்ந்தது சிறுபான்மை வகை. பெரும்பான்மையோருக்குக் கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. தோம்பில் காற்றுத்தான் இல்லை.

ஆக்டோபஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு தேவை. தாடைக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில், ஓர் இழுப்பில் கழன்றுவரும் பிடிப்பில் மாட்டியிருக்க வேண்டும். பைக்குள் திணிப்பதும், பின்னால் மணலில் இழுபட விடுவதும் கூடாது. மணல் புகுந்த வாய்ப்பகுதியைத் துணையின் வாயில் வைப்பதற்கு நாம் எந்த உரிமையில் நண்பர் என்று சொல்லிக்கொள்வது? மிதவைச் சட்டையின் காற்றூதியோடு மாற்று வாய்ப்பகுதியை இணைத்த வகையும் உண்டு. குழாய் ஒன்று குறையும். ஆனால் அதன் குழாய் குட்டை. வாயிலிருக்கும் முதன்மைப் பகுதியைத் துணைக்குக் கொடுத்துவிட்டு நாம் அந்தக் குட்டைக் குழாயில் சுவாசித்தபடியே சட்டையின் காற்றையும் வெளியேற்றி ஏற வேண்டும். பழகியவர்க்குச் சரி.

போனித் தோம்பு

முதன்மைத் தோம்போடு சேர்த்துக் கட்டும் சிறு தோம்புக்குப் போனி என்று பெயர். தனி முதற்கட்டம், தனி வாய்ப்பகுதி, தனி அழுத்தமானி. நம் காற்றோடு எந்த உறவும் இல்லாத இன்னொரு காற்று என்பதே அதன் சிறப்பு. துணை விலகிப் போனாலும், கலங்கிய நீரில் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் அது நம்மோடு இருக்கும். சிங்கப்பூரின் புலாவ் ஹந்துவில் முக்குளித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும் நாள்களும் அங்கே உண்டு.

13, 19, 30, 40 கன அடி எனப் பல அளவுகளில் போனி கிடைக்கிறது. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 368, 538, 850, 1,130. நம் இரண்டு எண்களை மறுபடியும் எடுங்கள். 18 மீட்டருக்கு 354 தேவை. 13 கன அடி மயிரிழையில் போதும். 30 மீட்டருக்கு 541. 19 கன அடி மயிரிழையில் போதாது. ஆகவே திறந்த கடல் சான்றிதழோடு 18 மீட்டரில் நிற்பவருக்கு 19-உம், 30 மீட்டர் வரை போகிறவருக்கு 30-உம் தகும் என்பது என் கருத்து. தோம்பு முழுமையாக நிரம்பியிருந்தால்தான் இக்கணக்கு. சென்ற மாதம் நிரப்பியது, அதற்குள் சோதித்துப் பார்க்க நாலு மூச்சு இழுத்தது என்றால் அந்த மயிரிழை போய்விடும்.

போனியில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. 19 கன அடித் தோம்பு ரெகுலேட்டரோடு சேர்த்து ஐந்து கிலோவை நெருங்கும். ஒரு பக்கமாகக் கட்டினால் உடல் சாயும். ஈயக் கட்டிகளை மாற்றி வைக்க வேண்டும். தாவாவுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து செம்பூர்ணா வழியாகச் சிப்பாடான் செல்கிறவர் காற்று நிறைந்த தோம்பைப் பெட்டியில் வைக்க முடியாது. காலி செய்து, வால்வைக் கழற்றி, திறந்த வாயோடு காட்ட வேண்டியிருக்கும். அதையும் முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வாடகைக்கு எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை. ரெகுலேட்டரை ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டும், தோம்பின் உட்புறத்தைச் சோதிக்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும். மாணவர் சட்டைப்பைக்கு இவை சிறிய செலவல்ல.

எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது வேறு. இரண்டு வாய்ப்பகுதிகளும் ஒரே நிறத்தில் இருந்து, படகிலிருந்து குதிக்கும்போது தவறிப் போனியின் வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு இறங்கிவிடுவது. முதன்மை மானி 200-லேயே அசையாமல் நிற்கும்; மகிழ்ச்சியாக இருக்கும். சில நிமிடங்களில் ஆழத்தில் மூச்சு இறுகும். மாற்றுக் காற்று முதலிலேயே செலவாகிவிட்டது என்பது அப்போதுதான் தெரியும். இதைத் தவிர்க்க, போனியின் வாய்ப்பகுதிக்கு வேறு நிறமும், கழுத்தைச் சுற்றிய வளையமோ மார்பில் ஒரு பிடிப்போ என நிலையான இடமும் கொடுக்க வேண்டும். முதுகில் கட்டாமல் உடலின் முன்பக்கம் தொங்கவிடுவது நல்லது என்று நான் கருதுகிறேன். வால்வும் மானியும் கண்ணெதிரே இருக்கும்; கசிந்தால் தெரியும்; தேவையானால் கழற்றி இன்னொருவரிடம் கொடுக்கவும் முடியும். வால்வைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று முக்குளிப்பாளர்களிடையே வாதம் நடக்கும். முதுகில் இருந்தால் எட்டாது, திறந்தே ஆக வேண்டும். முன்னால் இருந்தாலும் திறந்தே வைக்கிறேன். காற்று வேண்டிய நொடியில் திருகுமுனையைத் தேடும் நிதானம் எனக்கு இருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இரட்டைத் தோம்புகளும், இருபக்கமும் தோம்பு தொங்கவிடும் முறையும் இருக்கின்றன. குவாந்தான் கடற்பகுதியில் 1941 டிசம்பர் 10-இல் மூழ்கிய பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைப் பார்க்கப் போகிறவர்களின் உலகம் அது. 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம், தனிப்பயிற்சி வேண்டும். நம் கட்டுரைக்கு அப்பாற்பட்டது.

கையில் எதுவுமே இல்லாவிட்டால்

துணையும் இல்லை, போனியும் இல்லை என்ற நிலையில் எஞ்சுவது நீந்தி ஏறுவதுதான். பயிற்சியில் இதை 9 மீட்டர் அளவிலிருந்து கற்பிப்பார்கள். மறக்கக்கூடாதது ஒன்று: மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டரில் நுரையீரலில் இருந்த காற்று மேற்பரப்பில் இருமடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். "ஆ" என்று ஒலித்தபடி தொடர்ந்து வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும். ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிடவும் கூடாது. 20 மீட்டரில் "காலி" என்று நின்ற தோம்பு, ஏற ஏறச் சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால், மேற்பரப்பு அடையும் முன் ஏறத்தாழ 22 லிட்டர் காற்றை மீண்டும் கொடுக்கும். சில மூச்சுகள்தாம். அந்த வேளையில் அவை சிறியவையல்ல.

தம்பியின் முடிவு

தொலைபேசியில் இந்தக் கணக்கெல்லாம் முடிந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நான் முதலில் வாங்க வேண்டியது போத்தல் இல்லை, துணையைத்தான்," என்றார். சிரித்துவிட்டேன். அறுவரையும் மூன்று இணைகளாகப் பிரித்து, பயணத்துக்கு முந்திய வாரம் நீச்சல் குளத்தில் ஓர் அந்திப்பொழுது முழுவதும் ஆக்டோபஸைக் கொடுத்து வாங்கிப் பழகியிருக்கிறார்கள். கண்ணாடியை மறைத்துக்கொண்டும் செய்து பார்த்தார்களாம். துணையிடமிருந்து இரண்டு துடுப்பு உதைக்கு மேல் விலகுவதில்லை, 18 மீட்டரில் யாருடைய மானி 70-ஐத் தொட்டாலும் இருவரும் கிளம்பிவிடுவது என்று முடிவு.

பெர்ஹெந்தியானிலிருந்து திரும்பியதும் ஒரு படம் அனுப்பினார். ஆமையின் படமாக இருக்கும் என்று நினைத்தேன். படகின் பலகையில் கிடத்திய இரண்டு அழுத்தமானிகள். ஒன்றில் 55, மற்றொன்றில் 60. வழிகாட்டி, "இவ்வளவு காற்றை மிச்சம் வைத்துக்கொண்டு ஏன் அவசரமாக ஏறினீர்கள்?" என்று கேலி செய்தாராம்.

இந்த ஆண்டு அவர் ஆழ்நீர்ப் பயிற்சிக்குப் பதிவு செய்திருக்கிறார். பழைய 13 கன அடிப் போனி ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று மறுபடியும் கேட்டிருக்கிறார். எத்தனை மீட்டருக்கு என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன்.